மண்ணெண்ணெய்க்காரனின் அக்கா

அந்த ஜனவரிக் காலையில் ஜினெட் மிஷோ வேலைக்குக் கிளம்பியபோது, எதிர்வீட்டு டெல்ஃபிஸின் சமையலறை ஜன்னலில் உட்பக்கமாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மூக்குமுடி உறைகிற குளிர். அந்த ஜன்னலில் குளிர்காலம் முழுக்கப் பனிதான் படிந்திருக்கும். தண்ணீர் வழிந்து யாரும் பார்த்ததில்லை. ஜினெட் காரை அணைத்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. என் வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"ஆர்லீன்! கடப்பாரைய எடுத்துட்டு ஓடி வா!"

இரண்டு பேருமாகக் கதவை நெம்பினோம். டெல்ஃபிஸ் தரையில் கிடந்தார். கேஸ் அடுப்பின் நான்கு வாய்களும் எரிந்துகொண்டிருந்தன, கீழே ரொட்டி சுடும் அறையின் கதவும் திறந்திருந்தது. வீட்டைச் சூடாக்க ஊற்றும் மண்ணெண்ணெய் தீர்ந்துபோயிருக்கிறது. யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டு, அடுப்பை எரியவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத நச்சுவாயு அறையெல்லாம் நிறைந்துவிட்டது. காலைப் பிடித்து இழுத்து அவரை வெளியே பனியில் போட்டோம். ஆம்புலன்ஸ் வந்தது. பிழைத்துக்கொண்டார்.

மெய்ன் மாநிலத்தின் வடகோடியில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடா தெரிகிற ஊர் எங்களுடையது. நாங்கள் குடியிருப்பது ட்ரெய்லர் வீடுகளில். தொழிற்சாலையில் செய்து, லாரியில் இழுத்து வந்து, வாடகை நிலத்தில் நிறுத்திய நீளப் பெட்டி வீடுகள். சுவர் மெல்லிசு. குளிர் ஏறாமலிருக்க வீட்டின் அடிவயிற்றில் திணித்த பஞ்சை எலி பிய்த்துவிடும். அந்த ஓட்டை வழியாகக் காற்று ஏறும். ஊற்றுகிற மண்ணெண்ணெயில் பாதி வானத்தைத்தான் சூடாக்குகிறது என்று எல்லோருக்கும் தெரியும். வேறு வழி இருக்கிறது என்று யாரும் நினைத்ததில்லை.

ஜினெட் முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கும் பிரிவில் இருந்தாள். கணவன் இல்லை, பிள்ளைகள் தெற்கே போய்விட்டார்கள். ஆம்புலன்ஸ் போன பிறகு என் வீட்டில் காப்பி குடித்தாள்.

"அடுத்த குளிர் இப்படி இருக்காது ஆர்லீன். நான் இருக்க விடமாட்டேன்."

மறுநாளே மாநிலத்தின் மின்சேமிப்பு அலுவலகத்துக்குப் போன் செய்தாள். பேசிய பெண் நல்லவிதமாகவே சொன்னாள். ஹீட் பம்ப் என்று ஒன்று இருக்கிறது, வெளிக்காற்றில் ஒளிந்திருக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டையும் உறிஞ்சி வீட்டுக்குள் தள்ளும் மின் இயந்திரம். அதற்கும், அடிவயிற்றுப் பஞ்சை மாற்றவும் மானியம் உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட முழுச் செலவையும் கொடுப்பார்கள். ட்ரெய்லருக்கும் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை, பதிவு பெற்ற நிறுவனம்தான் மாட்ட வேண்டும். மானியம் நேராக அவர்களுக்குப் போய்விடும்.

அங்கேதான் முடிச்சு விழுந்தது. எங்கள் பக்கத்தில் பதிவு பெற்றவர் ஒருவரும் இல்லை. தெற்கே இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். "ட்ரெய்லரா?" என்று கேட்டதும் குரல் இறங்கிவிடும். ஒருவர் மட்டும் வந்தார். சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். "இந்த டப்பாவுக்கு எதுக்கும்மா மெஷினு?" என்று சிரித்தார். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

ஜினெட்டின் தம்பி நார்மண்ட் மண்ணெண்ணெய் வியாபாரி. அப்பா வைத்துவிட்டுப் போன லாரி, அப்பா பிடித்துவிட்டுப் போன வாடிக்கை வீடுகள். எங்கள் குடியிருப்பில் அத்தனை தொட்டியும் அவன் நிரப்புவதுதான். அந்த எண்ணெயை எரித்து வீட்டைச் சூடாக்கும் பர்னர்களைப் பழுதுபார்ப்பதும் அவன் ஆட்கள்தான். ஞாயிறு மதியம் அவன் வீட்டில் கோழிக் குழம்பும் ப்ளோயும் சாப்பிடும்போது ஜினெட் பேச்சை எடுத்தாள். ப்ளோய் என்பது எங்கள் பக்கத்துக் கோதுமை தோசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம்தான் வேகும், மேலே துளைத்துளையாக இருக்கும். நானும் அன்று கூட இருந்தேன்.

"நார்மண்ட், நீ போய்ப் பதிவு பண்ணு. பர்னர் பாக்குற உன் ஆளுங்க ரெண்டு பேரும் கோடையில சும்மாதான உக்காந்திருக்கானுங்க? அவனுங்க மாட்டட்டும்."

நார்மண்ட் வாயில் வைத்த ப்ளோயை மெல்லாமல் அவளைப் பார்த்தான்.

"என் கையாலயே என் கடைக்குப் பூட்டுப் போடச் சொல்றியா?"

"டெல்ஃபிஸ் செத்திருப்பாருடா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊத்திட்டுப் போயிருப்பேன். காசு அப்புறம் வாங்கிக்கலாம்னு எத்தனை பேருக்கு ஊத்தறேன், உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் அவரு கேக்கல. இன்னொரு தடவ கடன் கேக்க வெக்கமா இருந்துச்சாம்."

"அப்பா இருந்தா உன்ன இந்த மேஜையிலருந்து எழுப்பி விட்டிருப்பாரு."

"அப்பாவா? எங்க ஆதாயம்னு மோப்பம் புடிச்சு, உனக்கு முன்னாடி போய்ப் பதிவு பண்ணியிருப்பாரு."

நார்மண்ட் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

அடுத்த வாரம் ஜினெட் செய்ததை ஊர் இன்னும் பேசுகிறது. பக்கத்து ஊர் வியாபாரிக்குச் சொல்லி மண்ணெண்ணெய் வரவழைத்தாள். அவனுடைய பச்சை லாரி, பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க அவள் வாசலில் நின்றது. மண்ணெண்ணெய்க்காரனின் சொந்த அக்கா, அதுவும் பரம எதிரியிடம்! தபால்காரர் அதை மற்ற தெருக்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். மாலைக்குள் நார்மண்ட் வந்துவிட்டான். கதவைத் தட்டக்கூட இல்லை.

"என் மூஞ்சியில கரி பூசிட்ட! கடைக்குப் போனா சிரிக்கிறானுங்க. 'உங்கக்காவுக்கு உன் எண்ணெய் பிடிக்கலியாமே'ன்னு கேக்குறான் ஒருத்தன்."

"சிரிக்கட்டும்."

"அந்தப் பச்ச லாரி இன்னொரு தடவ இங்க வரக்கூடாது."

"நீ பதிவு பண்ற வரைக்கும் வரும். வாராவாரம் வரும். கொஞ்சம் கொஞ்சமா வாங்கினா நிறைய தடவ வருவேன்னு சொல்லியிருக்கான், நல்ல மனுசன்."

நார்மண்ட் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். பிறகு முகத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"அந்த மெஷினு நம்ம குளிருக்குத் தாங்குமா? உண்மையச் சொல்லு."

"ரொம்பக் கடுங்குளிருக்குத் திணறுமாம். அதனால உன் பர்னர யாரும் கழட்டப்போறதில்ல. ஓரமா நிக்கும். அந்த நாளுங்களுக்கு எண்ணெய் ஊத்த நீயும் வேணும். ஆனா கேஸ் அடுப்புக்கு முன்னாடி யாரும் உக்காரவேண்டியதில்ல."

பனி உருகிய பிறகு, தன் ஆட்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு நார்மண்ட் பயிற்சிக்குப் போனான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனான், ஆனாலும் போனான்.

பதிவு கிடைத்ததும் ஜினெட் வீடுவீடாக ஏறினாள். சும்மா கொடுக்கிறான் என்றால் பின்னால் என்னவோ இருக்கிறது என்றார்கள். நில முதலாளி வாடகையை ஏற்றுவார் என்றார்கள். எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். எங்களில் பெரும்பாலோர் சம்மதித்தோம். ஆனால் டெல்ஃபிஸ், யாரை வைத்து இத்தனையும் தொடங்கியதோ அவரே, முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

"நான் மரம் வெட்டிப் பிழைச்சவன். கவர்மென்ட் பிச்சை எனக்கு வேணாம்."

"பிச்சையா? உங்க கரண்ட் பில்லுல மாசாமாசம் சேமிப்புத் திட்டத்துக்குன்னு புடிக்கிறானே, அது யார் காசு? இத்தன வருசமா நீங்க கட்டுறீங்க, தெக்க கடலோரத்துல பெரிய வீட்டுக்காரன் மெஷின் வாங்கிக்கிறான். அது பரவால்லயா?"

டெல்ஃபிஸ் நிமிர்ந்து பார்த்தார்.

"என் காசுலயா? அவனா?"

"உங்க காசுலதான்."

"அந்தத் தடிப்பயலுக்கு நான் எதுக்குக் குடுக்கணும்?" என்றார் டெல்ஃபிஸ். அன்றே கையெழுத்துப் போட்டார்.

கோடையில் வேலை நடந்தது. பஞ்சு அடைப்பதற்கு முன்னால் வீட்டின் அடியைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு ஆள் வரக் காத்திருந்தால் இலையுதிர்காலம் வந்துவிடும் என்று ஜினெட்டே முதலில் தவழ்ந்து போனாள். பின்னால் நான். பள்ளிச் சமையலறையில் காலமெல்லாம் நின்ற முழங்கால் எனக்கு, அது அன்று என்னைச் சபித்தது. எலிக்கூடும் ஈரப் பஞ்சும் முகத்தில் விழுந்தன. அந்த இருட்டில் ஜினெட் பாட்டுப் பாடிக்கொண்டே கிழிந்ததை இழுத்துப் போட்டாள். வெளியே நார்மண்ட் குனிந்து பார்த்து, "அக்கா, வெளிய வா, இடுப்பு புடிச்சுக்கப் போவுது" என்றான். பதிலுக்கு ஒரு மூட்டை அழுக்குப் பஞ்சு அவன் பூட்ஸ் மேல் வந்து விழுந்தது.

குளிர் வந்தது. முதல் பனிப்புயலில் நான் வீட்டுக்குள் செருப்பில்லாமல் வெறுந்தரையில் நடந்தேன். டெல்ஃபிஸின் பர்னர் மிகக் கடுமையான சில நாட்களில் மட்டும் எரிந்தது. நார்மண்டுக்கு எண்ணெய் விற்பனை குறைந்தது உண்மைதான். ஒரு ஆளைக்கூட இழக்காமல் சமாளித்தான். மற்ற ஊர்க்காரர்கள் மெஷின் மாட்டச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தபோது, அக்கா கழுத்தைப் பிடித்துத் தள்ளியதால்தான் இந்தத் தொழிலில் விழுந்தேன் என்று எல்லோரிடமும் புலம்பினான். புலம்பும்போது முகத்தில் பெருமைதான் தெரிந்தது. நில முதலாளி அந்த வருடம் வாடகையைக் கொஞ்சம் ஏற்றினார். ஜினெட் அவரோடு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

இரண்டு வீடுகள் கடைசிவரை சம்மதிக்கவில்லை. கோடியிலிருக்கும் வீட்டுக்காரர் அவளைக் கண்டாலே திரையை இழுத்துவிடுவார். இன்று காலை அவள் அந்தப் பக்கம் போவதைப் பார்த்து, "இன்னுமா விடல நீ?" என்று கேட்டேன்.

"திரையத்தான இழுக்குறாரு, கதவப் பூட்டலியே" என்று சொல்லிவிட்டு, பனியை மிதித்துக்கொண்டு நடந்தாள்.