பூஜையில் வைத்த ஸ்க்ரூ டிரைவர்

போன வருடம் ஆயுத பூஜை அன்று, செஞ்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தையல் கொட்டகையில் நடந்தது இது. அன்று மாலை ஒரே ஒரு ஸ்க்ரூ டிரைவர் எங்கள் கைக்குக் கிடைத்திருந்தால், என்னிடம் வேலை பார்க்கும் பெண் இன்று உயிரோடு இருந்திருப்பாளா என்பது சந்தேகம்தான். இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறேன். ஆனால் விஷயம் தெரிந்த அந்தக் காலையில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

முதலில் வேன் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் சுற்றுலா வேன் ஓட்டுபவர். கோட்டை பார்க்க வந்த யாரோ ஒரு குடும்பம், படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்த வேனை அடிவாரத்தில் நிறுத்தி, அதிலேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கியதை என் கொழுந்தன் பார்த்துவிட்டு வந்தான். அன்றிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து எங்கள் பழைய வேனை அதேபோல மாற்றினார்கள். கூரையில் சோலார் தகடு, உள்ளே இரண்டு படுக்கை, சீட்டுக்கு அடியில் பெரிய பேட்டரி, அந்த பேட்டரி கரண்ட்டை வீட்டுக் கரண்ட் மாதிரி மாற்றித் தர ஒரு இன்வெர்ட்டர். ஏற்காடு, கொல்லிமலை என்று குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போவார்கள்.

சவாரி இல்லாத நாட்களில் அது கொட்டகைக்குப் பக்கத்தில் சும்மா நிற்கும். வெயிலுக்கு பேட்டரி நிரம்பி வழியும். உள்ளே நானும் என்னிடம் தைக்கும் பெண்களும் கரண்ட் இல்லாமல் அட்டையால் விசிறிக்கொண்டு, பாதியில் நின்ற பள்ளிக்கூடச் சட்டைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஆளில்லாத வேனுக்குள் ஃபேன் சுற்றுகிறது, ஆளிருக்கும் கொட்டகையில் ஒன்றுமில்லை என்று நான் போட்ட சண்டையில்தான் வேனிலிருந்து கொட்டகைக்கு ஒயர் வந்தது.

கொழுந்தன் முதலில் வேன் கரண்ட்டை வீட்டு ப்ளக்கிலேயே சொருகி வீடு முழுக்க எரிய வைக்கப் பார்த்தான். ஒயரிங் செய்ய வந்தவர் கையெடுத்துக் கும்பிட்டார். அப்படிச் செய்தால் வேன் கரண்ட் தெருக் கம்பத்துக்கும் போகும், மேலே ஏறி வேலை செய்பவர் கதி என்ன என்று கேட்டார். அதனால் கொட்டகைக்கு மட்டும் தனி லைன். வீட்டு லைனுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அயர்ன் பாக்ஸ் அதில் போடக் கூடாது, அது பேட்டரியை உறிஞ்சிவிடும். இதற்கெல்லாம் தலையாட்டிய கொழுந்தன், மண்ணில் எர்த் கம்பி இறக்க வேண்டும், டிரிப் சுவிட்ச் போட வேண்டும் என்றதும் முகத்தைச் சுளித்தான். அது எதற்குத் தண்டச் செலவு என்றான்.

நான் விடவில்லை. வெறுங்காலோடு மெஷினில் உட்கார்ந்திருந்தபோது ஒருமுறை ஷாக் அடித்துப் பின்னால் விழுந்தவள் நான். எங்கேயாவது கரண்ட் கசிந்தால் கண்மூடித் திறப்பதற்குள் லைனை அணைத்துவிடும் சுவிட்ச் என்று அவர் சொன்னதுமே, அது இல்லாமல் கொட்டகைக்கு ஒரு பல்புகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேனின் பின்கதவு பக்கத்தில் ஒரு பெட்டி வைத்து அதற்குள் பொருத்தினார்கள். வந்த புதிதில் அது படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஒரு பழைய மெஷினைப் போட்டாலே டப்பென்று விழும். மெஷினைப் பழுது பார்த்த பிறகுதான் அடங்கியது. அதற்குள் கொழுந்தன் அதற்கு 'அண்ணி சுவிட்ச்' என்று பேர் வைத்துவிட்டான். ஒன்றுமில்லாததற்கெல்லாம் கோபித்துக்கொண்டு அணைந்துவிடுகிறதாம்.

ஆயுத பூஜை அன்று மத்தியானம் நல்ல மழை. மழையோடு தெருவில் கரண்ட்டும் போனது. வேன் இருக்கிற தெம்பில் யாரும் கவலைப்படவில்லை. கொட்டகையைக் கழுவிவிட்டோம். கணவர் வாசலின் இரண்டு இரும்புக் கம்பங்களிலும் வாழைக் கன்று கட்டினார். வீட்டில் ஆடும் நாற்காலிக்கு ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் மாதக்கணக்கில் தள்ளிப்போடும் மனிதர், அன்றைக்கு என்னவோ கட்டுக்கம்பியைக் குறடால் முறுக்கி முறுக்கி அப்படிக் கட்டினார்.

கட்டி முடித்ததும் என் மாமியார் அந்தக் குறடை அவர் கையிலிருந்து பிடுங்கிக் கழுவப் போனார். அவருக்கு ஆயுத பூஜை என்றால் ஆயுத பூஜைதான். வீட்டில் இரும்பு என்று ஒரு துண்டு வெளியில் இருக்கக் கூடாது. வேன் டூல்ஸ், என் கத்தரிக்கோல்கள், அரிவாள்மனை, சமையல்கட்டுக் கத்தி, டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சாமி படத்துக்கு முன்னால் வரிசையாகப் படுத்திருந்தன. நகவெட்டிக்குக்கூட ஒரு பொட்டு வைத்திருந்தார்.

இருட்டத் தொடங்கியதும் கொழுந்தன் வேனில் சுவிட்சைப் போட்டான். கொட்டகையில் மாட்டியிருந்த சீரியல் பல்புகள் ஒருமுறை சிமிட்டிவிட்டு அணைந்தன. அண்ணி சுவிட்ச் விழுந்துவிட்டது. திரும்பப் போட்டான், திரும்ப விழுந்தது. சீரியல் பல்பைக் கழற்றிவிட்டுப் போட்டான். மெஷின் ப்ளக் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் போட்டான். நிற்கவே இல்லை.

என்னிடம் வேலை பார்க்கும் பெண்ணும் பூஜைக்கு வந்திருந்தாள். வல்லம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். கணவர் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளைத் தனியாளாகப் படிக்க வைக்கிறாள். நிற்கும்போது எதன் மேலாவது சாயாமல் அவளுக்கு நிற்கத் தெரியாது. அன்றும் வாசலில், ஈரத் தரையில், வெறுங்காலோடு, கம்பத்தில் கையைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். கொழுந்தன் இன்னொரு தடவை சுவிட்சைப் போட்டபோது சட்டென்று கையை உதறினாள்.

“அக்கா, கம்பத்துல எறும்பு இருக்குது. சுருக்குன்னு கடிச்சிடுச்சி.”

பொரியில் இத்தனை வெல்லம் போட்டால் எறும்பு வராமல் வேறு யார் வருவார்கள் என்று நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். கையைத் தேய்த்துக்கொண்டு அதே கம்பத்தில் திரும்பவும் சாய்ந்துகொண்டாள்.

“சுவிட்ச்தான் வீணா போயிடுச்சி அண்ணி,” என்றான் கொழுந்தன். “எல்லாத்தையும் கழட்டியும் உழுவுதுன்னா வேற இன்னா? அத்த எடுத்துட்டு ரெண்டு ஒயரையும் நேரா சேத்துடறேன். நாளைக்கி புதுசு மாத்திக்கலாம்.”

அவன் சொன்னது எங்கள் யாருக்கும் தப்பாகவே தெரியவில்லை. அந்தச் சுவிட்சுக்காகச் சண்டை போட்ட நானே வாயைத் திறக்கவில்லை. கொட்டகை இருட்டாக இருந்தது, கற்பூரத் தட்டு காத்துக்கொண்டிருந்தது, நல்ல நாளில் விளக்கு அணைகிறதே என்று மாமியார் வேறு புலம்ப ஆரம்பித்துவிட்டார்.

பெட்டியைத் திறக்க ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். கொழுந்தன் சாமி முன்னால் குனிந்து கையை நீட்டினான். மாமியார் பட்டென்று அந்தக் கையிலேயே ஒன்று வைத்தார்.

“பொட்டு வெச்சி சாமிகிட்ட வெச்சாச்சி. நாளைக்கி காலையில வரைக்கும் அது ஸ்க்ரூ டிரைவர் இல்ல, சாமி.”

“யம்மா, ரெண்டே நிமிசம். முடிச்சிட்டுக் கழுவி அப்பிடியே வெச்சிடறேன்.”

“சாமிகிட்டயே இரவல் கேக்கறியா நீ? வெளக்கு எரியலன்னா போவுது. எடுக்கக் கூடாதுன்னா கூடாது.”

விளக்கு அணைந்ததற்கு அத்தனை புலம்பியவரும் அவர்தான், விளக்கு வர வழியை அடைத்தவரும் அவர்தான். கொழுந்தன் கத்தி தேடினான், அதுவும் சாமிக்கு முன்னால். பக்கத்து வீட்டுக்கு ஓடினான். அங்கேயும் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அன்றைக்குச் செஞ்சியில் எந்த வீட்டில் போய்க் கேட்டாலும் அதே பதில்தான் வந்திருக்கும். கடைசியில் சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து ஸ்க்ரூவைத் திருக உட்கார்ந்தான். அண்ணன் போனில் வெளிச்சம் அடித்துக் காட்டினார். அது தலையில் கூட்டல் குறி மாதிரி வெட்டிய ஸ்டார் ஸ்க்ரூ. காசு வழுக்கி வழுக்கி விரல்தான் சிராய்த்தது.

“விடுறா. குத்துவெளக்கு இருக்குதில்ல, போதும்,” என்று சொல்லிவிட்டு, என் கணவர் வேன் இன்வெர்ட்டரை மொத்தமாக அணைத்தார். குத்துவிளக்கு வெளிச்சத்தில் பூஜை முடிந்தது. மாமியார் கைநிறையச் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு கதவு, மெஷின், கம்பம் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தார். அந்தப் பெண் கம்பத்தில் சாய்ந்தபடியே பொரியும் சுண்டலும் சாப்பிட்டு முடித்து, பிள்ளைகளுக்கும் கட்டிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

மறுநாள் விஜயதசமி. காலையில் பூஜை செய்து கருவிகளை எடுத்ததும் கொழுந்தன் முதல் காரியமாகப் பெட்டியைத் திறந்தான். உள்ளே எல்லாம் சரியாக இருந்தது. கொட்டகைக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டுப் போட்டால் சுவிட்ச் அசையாமல் நின்றது. ஒயரை மாட்டினால் விழுந்தது. அப்போதுதான் என் கணவருக்கு ஏதோ பொறி தட்டியது. இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, ஒயரைத் தடவிக்கொண்டே வேனிலிருந்து நடந்து வந்தார். கொட்டகை வாசலில் நின்றுவிட்டார்.

தரையில் கிடந்தால் மிதிபடும் என்று அந்த ஒயரைக் கம்பத்தோடு சேர்த்து மேலே ஏற்றியிருந்தோம். அவர் வாழைக் கன்றைக் கட்டியபோது கட்டுக்கம்பியை அந்த ஒயருக்கும் சேர்த்தே சுற்றியிருக்கிறார். குறடால் முறுக்கிய முறுக்கில் கம்பியின் முனை ஒயரின் தோலைக் கிழித்து உள்ளே இறங்கியிருந்தது. வேனில் சுவிட்சைப் போடும் ஒவ்வொரு முறையும் கரண்ட் அந்தக் கம்பியில் ஏறி, இரும்புக் கம்பத்துக்குப் போயிருக்கிறது. அந்தச் சுவிட்ச் ஒவ்வொரு முறையும் அதை உடனே வெட்டியிருக்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு நேராகச் சேர்த்திருந்தால், கம்பம் பூஜை முடியும்வரை கரண்ட்டோடு நின்றிருக்கும். கழுவிய தரை, செருப்பில்லாத கால்கள், சந்தனம் குழைத்த ஈரக் கை. அதில் சாய்ந்துகொண்டு ஒருத்தி.

கணவர் வேன் படியில் உட்கார்ந்தவர் ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை. கட்டியது அவர் கைதானே. கொழுந்தன் சிராய்த்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அண்ணி, நேத்து அந்தக் காசு மட்டும் திரும்பியிருந்தா…” என்றான்.

மாமியாரிடம் நடந்ததை விளக்கினோம். நிதானமாகக் கேட்டுக்கொண்டார். தன்னால்தான் ஒரு உயிர் தப்பியது என்பதெல்லாம் அவருக்குப் பெரிதாகவே படவில்லை.

“அப்போ நேத்து வெளக்கு அணைஞ்சது அபசகுனம் இல்லியே?” என்று மட்டும் கேட்டார். இல்லை அத்தை என்றேன். “அப்பாடா,” என்று எழுந்து காப்பி போடப் போய்விட்டார்.

புது வேலை தொடங்க நல்ல நாள் என்று அந்தப் பெண் கொஞ்ச நேரத்தில் வந்து சேர்ந்தாள். தலையில் பூ, கையில் டிபன் டப்பா. அவளைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். கொழுந்தன்தான் ஒயரைக் காட்டிச் சொன்னான். அவள் ஒயரைப் பார்த்தாள், கம்பத்தைப் பார்த்தாள், பிறகு தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“அப்போ அது எறும்பு இல்லியாக்கா?” என்றாள். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. நானும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்னாலும் நான் அனுபவித்ததில்லை, பின்னாலும் இல்லை.

அன்றைக்கே ஒயரிங்காரரைக் கூப்பிட்டோம். ஒயர் குழாய்க்குள் போனது. கொட்டகையின் இரும்புக் கம்பங்களுக்கும் எர்த் கொடுத்தார். அந்தச் சுவிட்சில் சோதித்துப் பார்க்க ஒரு சின்ன பொத்தான் இருக்கிறது. வேன் வீட்டில் நிற்கும் நாட்களில் அதை அழுத்தி, சுவிட்ச் சரியாக விழுகிறதா என்று பார்க்காமல் அவள் மெஷினில் உட்காருவதில்லை. அதை வேறு யாரும் தொடவும் அவள் விடுவதில்லை. வாழைக் கன்று கட்டும் வேலை இனி சணல் கயிற்றில்தான் என்று என் கணவர் அவராகவே சொல்லிவிட்டார்.

இப்போதும் மழைக் காலத்தில், அவசர வேலை நடுவில், எப்போதாவது டப்பென்று அது விழத்தான் செய்கிறது. தைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சலித்துக்கொள்வார்கள். முன்பெல்லாம் நானும் சேர்ந்து சலித்துக்கொள்வேன். இப்போது பேசாமல் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். சலித்துக்கொள்வதற்கு அத்தனை பேரும் இருக்கிறார்களே, அது போதும் எனக்கு.