நான் வரையாமல் விட்ட ஸ்பிரிங்

ஒரு தொழிலாளியின் வலக்கை விரல்கள் நான்கு போனதற்கு நான்தான் காரணம். அந்தப் பழியை என் நண்பன் சுமக்கிறான். பதினோரு ஆண்டுகளாக நான் வாயைத் திறக்கவில்லை.

இதை உங்களிடம் சொல்கிறேன் என்றால், உங்களுக்கு என்னைத் தெரியாது என்பதால்தான். தெரிந்தவர்களிடம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

நான் பொறியாளன். தில்லியில் பார்த்த அரசு வேலையை நாற்பது வயதில் உதறிவிட்டுக் கருவிகள் செய்யக் கிளம்பியவன். ஏழு காப்புரிமைகள் என் பெயரில் இருக்கின்றன. மாவு மில்லுக்குச் சல்லடை ஆட்டும் கருவி, அச்சகத்துக்குத் தாள் ஊட்டும் கருவி, பாட்டில் கழுவும் இயந்திரம், துணி மடிக்கும் மோட்டார்... "எந்தத் துறையானாலும் கைவைத்துவிடுவார்" என்று பாராட்டுவார்கள். நானும் அடக்கமாகத் தலையாட்டுவேன். அடக்கமா! உள்ளே குளிர்ந்து போவேன்.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. காப்புரிமை கேட்பவன் தன் கருவியை முழுதாக விளக்கி எழுதித் தரவேண்டும். உரிமைக் காலம் முடிந்தபின் அதைப் படித்து எவரும் செய்துகொள்ளலாம் என்பதுதான் ஏற்பாடு. அந்நாளில் நான் முழுதாக எழுதியதே இல்லை. சாம்பார்ப் பொடிக்குப் பக்குவம் கேட்டால் வெந்தயத்தை மட்டும் சொல்லாமல் விடுவார்களே, அப்படி ஒவ்வொன்றிலும் ஒன்றை அமுக்கிவிடுவேன். சல்லடையில் ஒரு சாய்மானம். தாள் ஊட்டியில் ஒரு ரப்பரின் தடிமன். பார்த்துச் செய்தவனுக்குத் தாள் இரண்டிரண்டாக வரும். கடைசியில் என்னிடம்தான் வருவான். வந்தார்கள். அந்தச் சுகத்துக்கு நான் அடிமை.

ஐந்தாவது காப்புரிமை, தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸுக்கான பிரேக். தொழிலாளி பிரஸ்ஸின் முன்கதவைத் திறந்த நொடியில், மேலிருந்து இறங்கும் அச்சு நின்றுவிட வேண்டும். நான் செய்த கருவியில் பிரேக்கைப் பிடிப்பது ஒரு ஸ்பிரிங். மின்சாரம் அதை விலக்கி மட்டும் வைத்திருக்கும். கரண்ட் போனால் ஸ்பிரிங் தானே பிடித்துக்கொள்ளும்.

எழுதிக் கொடுத்தது வேறு. மின்சாரமே பிரேக்கை இழுத்துப் பிடிக்கும் என்று எழுதினேன். படமும் அப்படியே போட்டேன். ஸ்பிரிங்கை வரையவில்லை.

அப்படிச் செய்தால் கரண்ட் போகும்போது என்ன ஆகும்? மோட்டார் நிற்கும். ஆனால் பக்கத்திலுள்ள கனத்த சக்கரம் வேகம் அடங்கும்வரை சுற்றும். பிடிக்க பிரேக் இருக்காது. அச்சு இன்னும் ஒரு முறை இறங்கக்கூடும். தில்லி வெயிலில் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று சின்னக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். எனக்குத் தோன்றவில்லை என்று உங்களிடம் சொன்னால் அது பொய். தோன்றியது! எவன் செய்தாலும் சோதித்துப் பார்ப்பான், சரியில்லை என்று நம்மிடம் வருவான் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

மாணிக்கம் என் ஊர்க்காரன், திருநெல்வேலிப் பக்கம். பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் போர்மேனாக இருந்து விலகி, தில்லி மாயாபுரியில் சிறிய தகடு வெட்டும் பட்டறை நடத்தினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணாச்சி, பயலுவ பிரஸ்ஸுக்குள்ள கைய விடுறதப் பாத்தா பயமா இருக்கு. ஒங்க பிரேக்க நானே செஞ்சு மாட்டிக்கிடட்டுமா? பேடண்ட்ல எல்லாம் இருக்கும்லா?"

ஸ்பிரிங் ஒன்று உண்டு என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். காபி ஆறுவதற்குள் முடிந்திருக்கும்.

"எல்லாம் இருக்குடே. அப்படியே செய்யி," என்றேன்.

ஏன் சொன்னேன்? அவன் எனக்குப் பகையா? இல்லை. ஒரு போர்மேன் என் கருவியைத் தானே செய்துவிடுவானா என்ற வயிற்றெரிச்சல். அவன் செய்து பார்த்து, முழித்து, திரும்பி வந்து, "ஒங்களாலதான் முடியும் அண்ணாச்சி" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்க ஆசைப்பட்டேன். சீ, எவ்வளவு அற்பம்!

அவன் திரும்பி வரவில்லை. படத்தில் இருந்ததை மயிரிழை பிசகாமல் செய்து மாட்டினான். கரண்ட் இருந்தவரை பிரேக் அருமையாகப் பிடித்தது.

ஜூன் மாதம், பகல் பதினொரு மணிக்குக் கரண்ட் போயிற்று. ராம்பரோசே என்ற தொழிலாளி, கதவைத் திறந்து, சிக்கிய தகட்டை எடுக்கக் கையை விட்டான். பக்கத்தில் இருந்தவன், "ருக் ஜா" என்று தடுத்தானாம். "பிரேக் லகா ஹை, பையா," பிரேக்தான் மாட்டியிருக்கிறதே என்று சிரித்தானாம் இவன். அச்சு ஒரு முறை இறங்கியது.

பிரேக்கின் காப்புரிமை என் பெயரில் இருந்ததால், தொழிற்சாலை ஆய்வாளர் என்னைப் பட்டறைக்கு வரவழைத்துக் கருத்துக் கேட்டார். நான் வரைந்த படம் அப்படியே இரும்பில் நின்றது. மாணிக்கம் சுவரோரமாக நின்று என் வாயையே பார்த்தான்.

"இதில் ஸ்பிரிங் இல்லை. செய்தவர் பிழை," என்று இந்தியில் சொன்னேன்.

"படத்துல இல்லியே அண்ணாச்சி..." என்று தமிழில் முனகினான்.

"தொழில் தெரிஞ்சவனுக்கு இதையும் வரஞ்சு காட்டணுமாடே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்குத் தோணலியே," என்றான். அதோடு சரி. என்னை நம்பி, தன் மேலேயே குற்றத்தைப் போட்டுக்கொண்டான்.

பட்டறையை மூடிவிட்டான். பிறகு அவன் ஒரு ஸ்பானரைக்கூடத் தொட்டதில்லை. வீட்டில் ஃபியூஸ் போனாலும் ஆளைக் கூப்பிடுகிறான். ஜனக்புரியில் தான் குடியிருக்கும் குடியிருப்பிலேயே ராம்பரோசேயை வாசல் காக்கும் சௌகிதாராக வைக்க அலையாய் அலைந்து ஏற்பாடு செய்தான். தினமும் காலையில் அந்த வாசலைத் தாண்டித்தான் பால் வாங்கப் போகிறான். கேட்டைத் திறந்துவிடும் கையைப் பார்க்காமல் எப்படிப் போவான்?

நானோ மேலும் இரண்டு காப்புரிமை வாங்கினேன். இரண்டிலும் ஒன்றுவிடாமல் எழுதினேன். அதனால் என் குற்றம் ஏதாவது குறைந்ததா? குறையவில்லை.

போன மாதம் துவாரகாவுக்குத் திரும்பும்போது மெட்ரோவில் அவனைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒங்களுக்குக் கெட்ட பேர வாங்கித் தந்துட்டேன் அண்ணாச்சி. இன்னைக்கும் நெனச்சா சோறு எறங்கல. என்ன மன்னிச்சிருங்க."

இப்போதாவது சொல்லிவிடு, சொல்லிவிடு... வாயைத் திறந்தேன்.

"விடுடே. நான் அத என்னைக்கோ மறந்துட்டேன்."

ஆம், அவனை நான் மன்னித்தேன்!

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "ஒங்களுக்குப் பெரிய மனசு அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு ஜனக்புரியில் இறங்கிப் போனான்.