விளம்பரத்தை மறைத்த பதினெட்டு நாட்கள்

குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி விரலுக்குத் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவுதான். அழுத்திப் பார்த்தேன், வலிக்கவில்லை. வலிக்காததுதான் என்னை நடுங்க வைத்தது. என் அம்மாவுக்கும் முதலில் வலிக்கவில்லை. நான் எட்டாம் வகுப்பை முடிக்கும் முன்பே அம்மா போய்விட்டார்.

அவனியாபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். கணவருக்கு வெளிநாட்டில் வேலை. வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். அன்று மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையின் மூலையில் உட்கார்ந்து, போனில் அந்தக் கட்டியைப் பற்றித் தேடினேன். ஒரு பக்கம் பயமுறுத்தியது என்று அடுத்த பக்கத்துக்குப் போனேன். அது இன்னும் பயமுறுத்தியது. மணி அடிக்கும்வரை சோற்று டப்பாவைத் திறக்கவே இல்லை.

மாமியாரிடம் இருப்பது பட்டன் போன். சாயங்காலமானால் என் போனை வாங்கி மகனை வீடியோவில் பார்த்துப் பேசுவார். பேசி முடித்ததும் ஏதோ ஒரு தளத்தில் ராசிபலன் படிப்பார். மறுநாள் அவர் படித்துக்கொண்டிருந்தபோது தற்செயலாகப் பின்னால் நின்றேன். விருச்சிகத்துக்கும் தனுசுக்கும் நடுவே வந்த விளம்பரத்தில் ஒரு பெண் நெஞ்சில் கை வைத்தபடி நின்றாள். ‘மார்பில் கட்டியா? தாமதிக்காதீர்கள்.’ மாமியார் அதை விரலால் தள்ளிவிட்டுக் கீழே போனார்.

“குரு பார்வை நல்லாருக்காம் தாயி,” என்றார்.

நான் போனில் தேடியதுதான் விளம்பரமாகத் திரும்பி வருகிறது என்று புரிந்தது. எங்கள் கல்யாணப் பேச்சின்போது, பேரையூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் என் அம்மா எப்படி இறந்தார் என்று கேட்டார். மாரடைப்பு என்று அப்பா சொல்லிவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஏழு வருஷமாக அந்தப் பொய்யோடுதான் இந்த வீட்டில் இருக்கிறேன். குழந்தையும் இல்லை. இப்போது இந்த நோயும் இருக்கிறதென்றால், இவர்கள் என்னை எங்கே வைப்பார்கள்?

டாக்டரிடம் போவதைவிட்டு விளம்பரத்தை ஒழிக்கக் கிளம்பினேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முதலில் ஒரு ஆப்பை இறக்கினேன். விளம்பரங்களை அடியோடு நிறுத்தும் என்று போட்டிருந்தார்கள். திறந்ததும், இந்த ஆப் உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதையும் கவனிக்கலாம், சம்மதமா என்று போன் கேட்டது. ஒருவரிடமிருந்து மறைக்க, முகம் தெரியாத இன்னொருவரிடம் எல்லாவற்றையும் காட்டுகிறேனே என்று கை தயங்கியது. ஆனாலும் அமுக்கினேன். விளம்பரம் வந்த இடங்கள் வெள்ளைக் கட்டங்களாயின. மூன்று நாள் நிம்மதி. நான்காம் நாள் சார்ஜ் குறைந்ததும், அதை மிச்சப்படுத்துவதற்காக போன் அந்த ஆப்பைத் தானாகவே நிறுத்திவிட்டது. நான் சமையலறையில் இருந்தேன், போன் மாமியார் கையில் இருந்தது. போய் வாங்கிப் பார்த்தால் அந்தப் பெண் மறுபடி நெஞ்சில் கை வைத்து நிற்கிறாள்.

அடுத்தது, விளம்பரத்தைத் தானே தடுக்கும் ஒரு பிரவுசர். நான் முயன்ற மூன்று வழிகளில் இதுதான் சுத்தமாக வேலை செய்தது. வெள்ளைக் கட்டம்கூட இல்லை. ஆனால் மாமியாருக்குப் பழைய பிரவுசரின் படம்தான் பழக்கம். திரையிலிருந்து அதை எடுத்தாலும், எங்கிருந்தோ தேடி அதிலேயே போய் நின்றார்.

கடைசியில் எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் சாரிடம் கேட்டேன்.

“எதுக்கு மேடம் இம்புட்டு அவசரம்?” என்றார்.

“அத்தை தெரியாம விளம்பரத்த அமுக்கிடுறாங்க சார். அதான்.”

அவர் என் போனை வாங்கினார். தேடிய பட்டியலை அழித்திருந்தேன். இருந்தாலும் அவர் விரல் போகும் இடமெல்லாம் என் கண் போனது. செட்டிங்ஸில், விளம்பரத்தை வழியிலேயே தடுக்கும் ஒரு இணைய முகவரியை மட்டும் எழுதிக் கொடுத்தார். ஆப்பே தேவையில்லை, எந்த பிரவுசரில் போனாலும் பெரும்பாலான விளம்பரம் வராது, ஆனால் சில தளங்கள் திறக்காமல் மல்லுக்கட்டும் என்றார்.

அவர் சொன்னது போலவே நடந்தது. பத்து நாளுக்கு மேல் ஒரு விளம்பரமும் வரவில்லை. கட்டி மட்டும் அப்படியே இருந்தது. தொட்டுத் தொட்டு, அது வளர்ந்ததா என் பயம் வளர்ந்ததா என்று தெரியாமல் போனது. ஒரு வழியாகத் துணிந்து ஒரு ஸ்கேன் சென்டரில் நேரம் பதிவு செய்ய உட்கார்ந்தேன். தேதி தேர்ந்தெடுக்கும் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த முகவரியை எடுத்துவிட்டதும் திறந்தது. மறுநாள் பத்தரைக்கு இடம் கிடைத்த படபடப்பில், அதைத் திரும்ப எழுத மறந்துவிட்டேன்.

சாயங்காலம் மாமியார் போனை எடுத்துக்கொண்டு நான் இருந்த அறைக்கே வந்தார்.

“தாயி, இந்தப் பொம்பள படம் முன்ன வந்துச்சு. நடுவுல காணோம். இப்பத் திரும்ப வந்துருக்கு. நீயும் நான் போனத் தொட்டாலே பின்னாடி வந்து நிக்கிற. யாருக்குத் தாயி கட்டி?”

பொய் ஒன்றைத் தேடினேன். கிடைக்கவில்லை. “எனக்குத்தான் அத்தை,” என்றேன். பிறகு அம்மாவைப் பற்றியும் சொன்னேன்.

அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். பாத்திரச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அந்தச் சில நிமிடங்களில் நான் பட்ட பயம் கட்டியைத் தொட்ட அன்றுகூடப் பட்டதில்லை. திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தார்.

“ஒங்கப்பா மறைச்சது தப்புத்தான். அத அவருகிட்ட நான் கேட்டுக்கிறேன். நாளைக்கு எத்தன மணிக்கு?”

“பத்தரைக்கு.”

“நானும் வாரேன்.”

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா ஊசி போட்டுத் திசு எடுக்க வேண்டும் என்றார். எடுத்தார்கள். முடிவு வர நான்கு நாள். அந்த நான்கு நாளும் மாமியார் ராசிபலன் படிக்கவில்லை. நான் கரும்பலகையில் தேதி எழுதும்போதெல்லாம் மிச்ச நாளை எண்ணினேன். ஐந்தாம் நாள் காகிதத்தை டாக்டரம்மா வாய்விட்டுப் படித்தார். புற்றுநோய் இல்லை. வெறும் சதைக் கட்டி. ஆனால் அம்மாவுக்கு இருந்ததால் வருஷா வருஷம் வந்து பார்க்க வேண்டும் என்றார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது மாமியார் சொன்னார்: “அவன்கிட்ட நீயே சொல்லிரு. நான் சொன்னா நல்லாருக்காது.”

அன்று வீடியோவில் எல்லாவற்றையும் சொன்னேன். கணவர் முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுவந்தார். கோபமா, வருத்தமா என்று புரியவில்லை.

“எங்கிட்ட சொல்லக்கூட அம்புட்டுப் பயமா?” என்று கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.