அடி தைத்த காற்றுப்பை

2024 ஜூன் 12, புதன்கிழமை, காலை ஆறு இருபது. குண்டசாலையில் தூறல், கூடவே தென்மேல் காற்று. பக்கத்து வீட்டுக்காரர் முச்சக்கர வண்டிக்கு மேலே கட்டிய பழைய தறப்பாளில் மழைநீர் தேங்கி, மாட்டு மடிபோலத் தொங்குகிறது. நாலு தடவை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டேன். அவரிடம் சொல்லலாம். போன மாதம் மூன்று விஷயம் சொன்னேன். இப்போது என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்.

நனைந்த கித்தான் வாடை வந்தால் எனக்கு உட்கார முடிவதில்லை. இருபத்துநாலு வயதில், தெல்தெனியவுக்கு மேலே, காட்டை வெட்டிச் சமப்படுத்திய மலைமுதுகில் இருந்த இராணுவ விமான ஓடுதளத்தில் நான் களஞ்சிய லிகிதர். பெரிய பெயர்தான், எண்ணியது மண்வெட்டியும் மண்ணெண்ணெய்த் தகரமும். காலில் ஏறிய அட்டைகளையும் எண்ணினேன், யாரும் கேட்காமலே. ஓடுதளத்தின் இரு முனையிலும் பள்ளம். வாரம் ஒருமுறை சின்ன விமானம் ஒன்று வரும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விமானிக்குக் காட்டுவது, கம்பத்தில் கட்டிய ஒரு துணிக்குழாய். காற்றுப்பை என்போம்.

அது கிழிந்துபோனதால், மாதிரிக்குப் பழையதையே கண்டியில் தையற்காரர் சாலி நானாவிடம் கொடுத்தேன். புதிதைத் தைத்து அவரே லொறியில் ஏறி வந்துவிட்டார். விமானத்தைக் கிட்ட நின்று பார்க்க வேண்டுமாம். மாலையில் பையை ஏற்றினோம். இரவெல்லாம் மழை. விடிந்தபோது மேற்கிலிருந்து காற்று என் குடையைப் பிடுங்கியது. பையோ நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏன் நானா, இது ஆடமாட்டேங்குது?"

"பழசுல அடி கிழிஞ்சு போய் ஈந்திச்சு தம்பி. நான் ரெட்டைத் தையல் போட்டு மூடிட்டன்."

காற்றுப்பைக்கு அடியே கிடையாது. ஒரு வாயால் புகும் காற்று மறு வாயால் போகவேண்டும். நானாவின் தையல் இரவு மழையில் ஒரு சொட்டையும் விடாமல் பை நிறையத் தண்ணீரைப் பிடித்துவைத்திருந்தது, அந்தப் பாரத்தை எந்தக் காற்றும் தூக்காது. இறக்கலாமென்றால் நனைந்த கயிறு கப்பியில் இறுகிவிட்டது. இரண்டு சிப்பாய்கள் தொங்கியும் அசையவில்லை. முகாமின் வானொலி முந்தின நாளே செத்திருந்தது. அந்த நேரம் பார்த்து முகிலுக்குள் விமானச் சத்தம். காற்றே இல்லை என்று நம்பி மேற்கிலிருந்து இறங்குகிறான் விமானி. முதுகில் அந்தக் காற்றோடு தரை தொட்டால் நிறுத்த முடியாது, நேரே பள்ளம்தான்.

நான் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு நின்றேன். எதை என்று இன்றுவரை தெரியாது. நானா இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்தார்.

"நானா, என்ன செய்றீங்க?"

"உள்ளுக்குக் களிசான் ஈக்கி. நீங்க அந்தப் பக்கம் பாத்து எண்ணுங்க, தம்பி."

சாரத்தின் ஒரு வாயை இரு கையாலும் விரித்துத் தூக்கிக்கொண்டு ஓடுதளத்தின் நடுவுக்கு ஓடினார். சிவப்புக் கட்டம் போட்ட சாரம் காற்றை வாங்கி, புடைத்து, கிழக்கே நீண்டு நின்றது. சக்கரம் தரை தொடப்போன விமானம் உறுமிக்கொண்டு மேலெழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, கிழக்கிலிருந்து வந்து இறங்கியது. அதன் விசிறிக் காற்றில் சாரம் கையைவிட்டுப் பறந்து பள்ளத்துக்குள் போனது. இறங்கிவந்த விமானி, அரைக் களிசானோடு நின்ற மனிதருக்கு முதல் சல்யூட் அடித்தான்.

"சல்யூட் ஈக்கட்டும். சாரத்தையும் பில்லுல போடுங்க தம்பி."

போட்டேன். ஓடுதளச் செலவில் அப்படியொரு பொருள் இல்லையென்று இரண்டு முறை திரும்பி வந்தது.

நானா இப்போது இல்லை. அவருடைய கடை கைப்பேசிக் கடையாகிவிட்டது. ஓடுதளத்தில் பைன் மரம் நட்டுவிட்டார்கள். போன வருடம் போய்த் தேடினேன், கம்பம் நின்ற இடம்கூடப் பிடிபடவில்லை. அந்த விமானி எங்கே எப்படி இருக்கிறானோ. கடைசியில் புதுச் சாரம் வாங்கிக் கொடுத்தது நான்தான். பேரம் பேசி, பதினெட்டு ரூபாய் ஐம்பது சதம்.