நண்டு உயிரோடு போய்ச் சேர வேண்டும்

ரயில் என்றால் எனக்குப் பைத்தியம். பழைய விமான நிலையத்தையும் வரப்போகும் புதியதையும் அதிவேக ரயிலால் இணைக்கப்போகிறார்கள், அதற்கு விளக்கக் கூட்டம் என்று கேள்விப்பட்டதும் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு ஓடினேன். மீனம்பாக்கம் போதவில்லையாம். மேற்கே காஞ்சிபுரம் பக்கம் பெரிதாக ஒன்று வருமாம். சரக்கு விமானங்கள் முதலில் அங்கே மாறுமாம். மண்டபத்துச் சுவரில் ஆளுயர வரைபடம், அதில் சிவப்புக் கோடாக ரயில். வாயைப் பிளந்து பார்த்தேன். பிறகு, எல்லோரையும்போல என் வீட்டைத் தேடினேன்.

இல்லை. திருவொற்றியூர், எண்ணூர், நெட்டுக்குப்பம் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம். சிவப்பு என்றால் ரயில், நீலம் என்றால் ஏரி என்று அதில் எழுதியிருந்தார்கள்.

"சார், இந்தக் கட்டத்துக்கு அடியில எங்க வீடு இருக்கு."

கழுத்தில் அட்டை மாட்டியிருந்த அதிகாரி சிரித்தார். "திட்டம் அந்தப் பக்கம் வரலைம்மா. காலியா இருந்துச்சு, அங்க வெச்சிட்டோம்."

காலியாம்! மின்சாரம் எடுக்க, சாம்பல் கொட்ட, கண்டெய்னர் இறக்க எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று இவர்களுக்கு நன்றாகத் தெரியும். ரயிலுக்குக் கோடு போடும்போது மட்டும் காலி.

என்னைப் படிக்க வைப்பவர் அப்பாவின் அக்கா. நெட்டுக்குப்பத்தில் கழிமுகத்துச் சேற்று நண்டுகளை வாங்கி, கொடுக்குகளைக் கயிற்றால் கட்டி, ஈரச்சாக்கு விரித்த பெட்டியில் அடுக்கி சிங்கப்பூர் விமானத்துக்கு அனுப்புகிறார். செத்த நண்டை ஏற்றுமதிக்காரர் தொடமாட்டார். அதனால் அந்த அதிகாரியிடமே கேட்டேன்: நண்டுப் பெட்டியை ரயிலில் ஏற்றலாமா?

"பயணிகளுக்கு மட்டும்தான். சரக்கு ரோட்டுல வரட்டும். நல்ல ரோடு, ஒன்றரை மணி நேரம்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அத்தை நண்டு கட்டுவதை நிறுத்தவில்லை.

"ஒன்னர மணி நேரமா? இன்னா, நண்டுக்கு ரெக்க கட்டி உடுறாரா அந்தாளு?"

"அத்த, நான் வேகத்தையும் தூரத்தையும் வெச்சு ஒரு கணக்கு..."

"உன் கணக்க நீயே வெச்சிக்கடி. நாளைக்கு ஒரு பொட்டி ஏத்து. போய்ப் பாத்தா தெரிஞ்சிட போவுது."

மறுநாள் காலை பக்கத்து வீட்டு அண்ணனின் குட்டியானை வண்டியில் ஒரு பெட்டி நண்டோடு கிளம்பினோம். மணலி போவதற்குள்ளேயே கண்டெய்னர் லாரிகளின் வரிசை. முன்னால் லாரி, பின்னால் லாரி, பக்கவாட்டில் லாரி.

"யக்கா, எறங்கிப் போய் டீ சாப்ட்டு வா. திரும்பி வரசொல்ல நா இங்கியேதான் கீறேன்" என்றார் அண்ணன்.

"நக்கலா? பேமானி. பொட்டி மேல வெயில் அடிக்குது பாரு."

மாதவரத்தைத் தொட்டபோதே அதிகாரி சொன்ன ஒன்றரை மணி நேரம் தீர்ந்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய நல்ல ரோடு இங்கேதான் ஆரம்பிக்கிறது, அவருடைய கணக்கும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் நாங்கள் நிற்கும் நேரத்துக்குக் கணக்கே கிடையாது. எனக்கு ரயில் மேலேயே கோபம் வந்தது, பாவம், இன்னும் பிறக்காத ரயில்.

உச்சி வெயிலில், புதிய விமான நிலையம் வரப்போகும் ஊரின் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினோம். அத்தை மூடியைத் திறந்து ஒவ்வொரு நண்டின் கண்ணையும் விரல் நுனியால் தொட்டார். உயிர் இருந்தால் கண்ணை உள்ளே மடக்கிக்கொள்ளும். முதல் நண்டு மடக்கியது. அடுத்ததும். மூன்றாவது மடக்கவில்லை. திரும்பவும் தொட்டார், தூங்குகிற பிள்ளையை எழுப்புவதுபோல. கடைசியில் சாக்கின்மேல் ஒதுக்கிவைத்த செத்த நண்டுகளே அதிகம்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் சந்தேகமாகப் பார்த்தார். "நெலம் அளக்க வந்தீங்களா?"

"அய்ய, நாங்களும் உன் கேஸுதாம்மா" என்று அத்தை உயிருள்ள இரண்டை நீட்டினார். "கொழம்பு வெய்யி. அதுக்கு முன்னால கயித்த அவுத்துடாத, வெரலு போய்டும்."

அடுத்த வாரம் திட்ட அலுவலகத்தில் ஆட்சேபணை கொடுக்கப் போனோம். படிவத்தில் நிலத்தின் சர்வே எண் கேட்டிருந்தது.

"நிலம் போகுதா? வீடு போகுதா?" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். "ரெண்டும் இல்லையா? அப்போ உங்களுக்கு என்ன பாதிப்பு?"

நான் ஐந்து பக்கம் எழுதி வைத்திருந்தேன். அத்தை அதைப் பிடுங்கிக்கொண்டார். "இத்தினியும் யாரு படிப்பா? நண்டு உசுரோட போய்ச் சேரணும். அத எழுது."

எழுதினேன். சர்வே எண் கேட்ட இடத்தில், 'உங்கள் வரைபடத்தின் வெள்ளைக் கட்டத்துக்கு அடியில்' என்று நிரப்பினேன். அவர் படித்துவிட்டு, இதை வாங்க முடியாது என்று திருப்பித் தள்ளினார்.

அத்தை கோபப்படவில்லை. படிவத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"வாடி, நாளைக்கு வரலாம். பொட்டியையும் எடுத்துக்கினு வரலாம். அவரே கண்ணத் தொட்டுப் பாக்கட்டும்."