தொட்டிக்குள் என் சக ஊழியர்கள்

கழிவுநீர் வேலையில் விருந்தாளிகள் குறைவு. நாங்கள் இருக்கும் இடத்தை நாற்றமே முன்கூட்டிச் சொல்லி எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடும். மூக்கை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போகிற நண்பர்களுக்கு இது புரியும்.

மணிகள்

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை. அதன் கழிவுநீரைச் சுத்தம் செய்வது நானல்ல, தொட்டியில் வாழும் நுண்ணுயிர்கள். அவை நலமா என்று தினமும் காலையில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலை. மெல்லிய காம்பில் நிற்கும் மணி போன்ற ஓர் உயிர் அதில் உண்டு. அது விரிந்திருந்தால் தொட்டி நலம்.

பம்ப் ஆபரேட்டர் எத்திராஜ் ஒருநாள் எட்டிப் பார்த்தார். மேசையைத் தட்டிக் காட்டினேன். காம்புகள் சுருள, மணிகள் எல்லாம் சட்டென்று கீழே இறங்கின. "இன்னா மேடம் இது! மேனேஜர் ரவுண்ட்ஸ் வந்தா நாம பம்முற மாறியே கீது."

ஜிலேபி மீன்கள்

சுத்தமான நீர் வெளியேறும் குட்டையில் ஜிலேபி மீன் வளர்க்கிறோம். இரை போடுமுன் எத்திராஜ் குழாயைத் தட்டுவார். அந்த அதிர்வுக்கே மொத்தக் கூட்டமும் கரைக்கு வந்துவிடும். கேன்டீன் தேவி அக்கா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "என் வூட்டுக்காரனும் கீறானே, சோத்தைப் போட்டுட்டுக் கத்துனாலும் திரும்ப மாட்டான்."

வெறும் காம்புகள்

ஒரு திங்கட்கிழமை, சொட்டில் காம்புகள் மட்டும் நின்றன. நீர் கெட்டால் மணிகள் காம்பை விட்டுவிட்டு நீந்திப் போய்விடும். ஞாயிறன்று யாரோ அமிலம் போட்டுக் கழுவிய தண்ணீரை எங்கள் பக்கம் திறந்துவிட்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் வந்தால் தொட்டி முழுவதும் சாகும். புதிதாக வளர்க்கும் வரை ஆலை ஓடாது. எனக்குச் சம்பளம் வரும். ஒப்பந்தத் தொழிலாளர்களான எத்திராஜுக்கும் தேவி அக்காவுக்கும் வராது.

உற்பத்தியை நிறுத்தி, கழிவு வரும் வால்வை மூடச் சொன்னேன். "கண்ணுக்கே தெரியாததை நம்பி லைனை நிறுத்தணுமா?" என்றார் மேனேஜர். எத்திராஜ் போய்க் குழாயைத் தட்டினார். ஒரு மீனும் வரவில்லை. எல்லாம் எதிர்மூலையில், வாயை நீருக்கு மேலே தூக்கி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. பின்னாலேயே வந்த மேனேஜர் குனிந்து பார்த்தார். "சரி, வால்வை மூடுங்க."

சாணியும் வெல்லமும்

சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறித்தோம். மிச்சமிருந்த உயிர்களுக்குத் துணையாகப் புது நுண்ணுயிர்கள் சேர, சாணி கரைத்து ஊற்ற வேண்டும். எத்திராஜ் தெரிந்த மாட்டுக் கொட்டகையிலிருந்து இரண்டு வாளி கொண்டுவந்தார். நுண்ணுயிர்களுக்கு இரையாக, தேவி அக்கா பாயசத்துக்கு வைத்திருந்த வெல்லத்தைத் தந்தார். பிறகு காத்திருந்தோம். ஜன்னலோர அவரைக்கொடி தன் நுனியைக் காற்றில் சுழற்றிச் சுழற்றி, ஒருவழியாகக் கம்பி தட்டுப்பட்டதும் பற்றிச் சுற்றிக்கொண்டது. வேறு பார்க்க ஒன்றுமில்லாததால் அதையே பார்த்தோம்.

ஒரு காலையில் காம்பில் ஒரு மணி நின்றது. உயிர்தானா என்று எத்திராஜ் மேசையை ஒற்றை விரலால் தட்டினார். சுருண்டது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். மெல்ல, மெல்ல விரிந்தது. எத்திராஜ் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "தட்டுனதுக்கு நான் சாரி கேட்டேன்னு சொல்லிடுங்க மேடம்."

வேலை செய்வது அவை, சம்பளம் வாங்குவது நாங்கள் என்பதால், தினமும் ஒரு நன்றி சொல்லிவிடுகிறேன், மேசையில் கை படாமல்.