முன்னுக்கு இழுத்த இருக்கை

கொல்கத்தா லேக் கார்டன்ஸுக்கு வண்டிச் சேதத்தை மதிப்பிட வந்த அந்த இன்சூரன்ஸ் சர்வேயரின் பெயரை நான் கேட்கவில்லை. ஒல்லியான, நரைத்த, பவானிபூர்த் தமிழர். எந்த வண்டியானாலும் முதலில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பது அவர் பழக்கமாம்.

வண்டி, நான் வங்காள வழக்கப்படி தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் மாடி வீட்டு வங்காளியுடையது. இரவல் வாங்கிப் போய், கேட் தூணில் இடித்தவன் நான். அடுத்தவர் ஓட்டினால் இன்சூரன்ஸ் கிடைக்காது என்று பயந்து, தானே ஓட்டியதாக எழுதிக் கொடுத்துவிட்டார் தாதா. ஆறடி மனிதர்.

சர்வேயர் உட்கார்ந்ததும் முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டியது. குள்ளனான என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓட்டினது நீங்கதானே சார்? லைசென்ஸ் இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன சார்? பாலிசி வண்டிக்குத்தான். ஓனர் சம்மதிச்சு, லைசென்ஸ் இருக்கிறவர் யார் ஓட்டினாலும் கிடைச்சிருக்குமே! இப்போ பொய் எழுதிக் குடுத்துட்டீங்க, அதனாலயே பணம் கிடைக்காது. நான் பார்த்ததைத்தானே எழுதணும்?"

தமிழ் புரியாத தாதா, பேச்சு நல்லபடியாகப் போகிறது என்று நினைத்துச் சிரித்தபடி டீ கொண்டுவந்தார். சர்வேயர் அவர் முகத்தைப் பார்க்காமலே குடித்தார். புறப்படுமுன் குனிந்து, இருக்கையை ஆறடி மனிதருக்குத் தோதாகப் பின்னுக்குத் தள்ளிவைத்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.